பாதி காலியாக ஓர் அஞ்சலட்டை

2022 பிப்ரவரி 19 அன்று சென்னை மாநகராட்சிக்கு நடந்த தேர்தலில் நூற்றுக்கு 44 பேர்கூட வாக்களிக்கவில்லை. மாநிலத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் மொத்த வாக்குப்பதிவு 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. தெருவிளக்கும் குப்பை வண்டியும் மழைநீர் வடிகாலும் எந்த மன்றத்தின் பொறுப்போ, அதைத் தேர்ந்தெடுக்கத்தான் தலைநகருக்கு நேரமில்லாமல் போனது. அந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. வாக்களிக்க வைக்கிறோம் என்று மறுபடியும் கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, ‘செல்ஃபி பாயின்ட்’ என்று கிளம்பிவிட வேண்டாம். அதற்கு ஆகும் பணத்தில் ஒரு துளியை அஞ்சலட்டைக்குக் கொடுக்கலாம்.

‘வாக்களிப்பது நம் கடமை’ என்ற வாசகத்தின் வலு எவ்வளவு என்பதை அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் மிச்சிகனில் நடந்த முதனிலைத் தேர்தலையொட்டி, சுமார் 1,80,000 குடும்பங்களைக் கொண்டு கெர்பர், கிரீன், லாரிமர் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கடமையை மட்டும் நினைவூட்டிய கடிதத்தால் வாக்குப்பதிவு இரண்டு சதவீதப் புள்ளிகூட உயரவில்லை. முந்தைய தேர்தல்களில் நீங்களும் அண்டை வீட்டாரும் வாக்களித்தீர்களா என்று பட்டியல் போட்டுக் காட்டிய கடிதமோ எட்டுப் புள்ளி உயர்த்தியது. அந்த வழி நமக்கு வேண்டாம். தெருவில் சண்டைதான் மிஞ்சும். ஆனால் அச்சடித்த உபதேசத்துக்கு அசையாதவர்கள் அக்கம்பக்கத்தாரின் பார்வைக்கு அசைகிறார்கள் என்பது தெரிகிறது. மிரட்டாமல் அந்தப் பார்வையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியுமா என்பதே கேள்வி.

முடியும் என்று நம்புகிறோம். வழி ஓவியர்களிடம் இருக்கிறது. நியூயார்க்கில் வாழ்ந்த ரே ஜான்சன், அரைகுறையாக வரைந்த தாள்களை அறிந்தவர் அறியாதவர் எல்லோருக்கும் தபாலில் அனுப்புவார். ‘ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்’ என்று குறிப்பு இருக்கும். அஞ்சல் கலை என்று உலகெங்கும் பரவிய பழக்கத்துக்கு அவர் ஒரு முன்னோடி. வாங்கியவரும் கைவைத்தால்தான் அந்தப் படம் முழுமையாகும்.

வார்டு பள்ளிகளில் இதைச் செய்து பார்க்கலாம். பிள்ளை தன் தெருவை அட்டையில் பாதி வரைந்து, மீதியைக் காலியாக விட்டு, ‘இங்கே என்ன இல்லை?’ என்று மட்டும் எழுதி, அதே வார்டில் ஒரு கதவு எண்ணுக்கு அனுப்பட்டும். அட்டை கிடைத்தவர் காலி இடத்தில் வரைந்தோ எழுதியோ ரேஷன் கடையில் இதற்கென வைக்கும் பெட்டியில் போடட்டும். வாக்குப்பதிவுக்குச் சில வாரம் முன்பு அவ்வளவு அட்டையும் வார்டு அலுவலகச் சுவரில் ஏற வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகட்டும்.

செலவு? அட்டை 50 பைசா. வார்டுக்கு ஆயிரம் என்று 200 வார்டுகளுக்கும் போட்டாலும் ஒரு லட்ச ரூபாய்தான். வாட்ஸ்அப் காலத்தில் கார்டா என்று சிரிப்பவர்கள், தங்கள் வீட்டுக்குக் கையால் எழுதிய தபால் கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கட்டும்.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. பெற்றோரிடம் வாக்களிக்க உறுதிமொழி வாங்கிவரும் படிவங்களைப் பிள்ளைகளுக்கு முன்பும் கொடுத்தோம். கையெழுத்து வாங்கி வருவதோடு அது முடிந்துபோனது. கரும்பலகையில் ஆசிரியர் எழுதிப்போட, அறுபது பிள்ளைகள் பார்த்து எழுதினால் இதற்கும் அதே கதிதான். எழுத்துப்பிழையோடு போகட்டும், யாரும் திருத்த வேண்டாம். கட்சிப் பெயரும் சின்னமும் கூடாது. வாக்காளர் பட்டியல் பிள்ளைகள் கைக்குப் போகவே கூடாது; கதவு எண் போதும்.

இன்னொன்று, பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு அட்டை வந்து பயனில்லை. 17 வயது முடிந்தவர்கள் படிவம் 6-ஐ முன்கூட்டியே தரலாம். 18 நிறைவதைக் கணக்கிட ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. அட்டையின் ஓரத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

மாநிலத் தேர்தல் ஆணையமும் மாநகராட்சியும் இப்போதே பத்து வார்டுகளில் தொடங்கலாம். வாக்குப்பதிவு மிகக் குறைந்த பத்து வார்டுகளாக அவை இருக்கட்டும்.