பேஸ் இல்லாத பேஸ் பாட்டு

கால்பந்து பார்ப்பவர்களுக்கு அந்த மெட்டு தெரிந்திருக்கும். வார்த்தையே இல்லாமல் மைதானம் முழுக்க 'ஓ' போடுவார்களே, அதேதான். 2006 உலகக் கோப்பையை ஜெயித்தபோது இத்தாலி ரசிகர்கள் பாடித் தீர்த்தது. பாட்டின் பெயர் 'செவன் நேஷன் ஆர்மி'. போட்டவர்கள் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ். மொத்தமே இரண்டு பேர்! டெட்ராய்ட்டில் 1997-ல் ஆரம்பித்த குழு. ஜாக் ஒயிட் கிடாரும் பாட்டும், மெக் ஒயிட் டிரம்ஸ். பேஸ் வாசிக்க ஆளே கிடையாது. 2001-ல் மூன்றாவது ஆல்பம் இங்கிலாந்தில் பேசப்பட்ட பிறகுதான் வெளியே தெரிந்தார்கள்.

இவர்கள் பேச்சு வந்தாலே நண்பர்கள் சொல்வது: "எல்லாம் மார்க்கெட்டிங் மச்சி." நானும் பி.காம்.தான், எனக்கும் தெரியும் :-) சிவப்பு, வெள்ளை, கறுப்பு தவிர வேறு நிறத்தில் மேடை ஏற மாட்டார்கள். அக்கா, தம்பி என்று சொல்லிக்கொண்டார்கள். பார்த்தால் 1996-ல் கல்யாணம் செய்து 2000-ல் விவாகரத்து ஆனவர்கள். ஒயிட் என்பதே மெக்கின் குடும்பப் பெயர். நன்றாகக் கதை விட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'பழசைக் காட்டிக் காசு பார்த்தவர்கள்' என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 2003-ல் வந்த 'எலிஃபண்ட்' ஆல்பத்தின் பெரும்பகுதி லண்டனில் டோ ராக் என்ற சின்ன ஸ்டுடியோவில், எட்டு டிராக் டேப்பில், சுமார் இரண்டு வாரத்தில் பதிவானது. பழைய கருவிகள், கம்ப்யூட்டர் கிடையாது. சரி, பழசு மோகம்தானே என்றால், அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். பேஸ் மாதிரி கேட்பது பேஸே இல்லை! கிடாரின் ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் 'வாமி' பெடல். அது கடைக்கு வந்ததே 1989 வாக்கில்தான். பழசுதான் வேதம் என்றால் அதைத் தொட்டிருப்பாரா? புது ஆள் சேர்க்க மாட்டேன், இருக்கிறதை வைத்துச் சமாளிப்பேன் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. பழைய சாமானும் அந்தக் கணக்கில் ஒன்று, அவ்வளவே.

இன்னொரு கோபமும் உண்டு. மெக்குக்கு வாசிக்கத் தெரியாது என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கை தேர்ந்த டிரம்மர் ஒருவரை அங்கே உட்காரவைத்துக் கற்பனை செய்து பாருங்கள். இருக்கும் இடைவெளியெல்லாம் நிரப்பிவிடுவார். அந்த மெட்டு நிற்பதே மெக் விட்டுவைத்த இடத்தில்தான். மைதானமே சேர்ந்து பாட முடிகிறது என்றால் பாதிக் காரணம் அந்த 'டம் டம் டம்'.

2011-ல் குழு கலைந்தது. 2025-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மெக் விழாவுக்கே வரவில்லை.

திட்டுகிறவர்கள் ஒருமுறை ஹெட்போன் மாட்டி, டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அப்புறம் வந்து திட்டுங்கள்.