கறைப் பல் அழுக்குப் பல் அல்ல

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பல்லைச் சரிபண்ணிட்டுச் சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டார்களாம். "முன்பல் ஆறையும் ராவி கேப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தப் பழுப்புக் கறை புதிதல்ல. போர் தண்ணீரில் அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு செய்யும் வேலை. ஏறக்குறைய எட்டு வயதுக்குள், ஈறுக்குள்ளே எனாமல் உருவாகும்போதே கெட்டுவிடுகிறது. பல் விளக்காததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இது தெரியாமல் நானே வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி, "பல் விளக்கினாயா?" என்று கேட்டிருக்கிறேன். மறுநாள் செங்கல் பொடியால் தேய்த்து ஈறு புண்ணாக வந்தான் ஒருவன். அவனிடம் இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

"அழகுக்கு இவ்வளவு செலவா?" என்பவர்களே, சிரிக்கக் கூசும் பிள்ளை பதில் தெரிந்தாலும் கை தூக்காது. சிகிச்சை தேவைதான். ஆனால் கேப்பில் தொடங்காதீர்கள். அதற்குப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. கேப்பையும் ஆயுளில் சில தடவை மாற்ற நேரும். மேலாகப் படிந்த கறைக்கு மெல்லிய படலத்தை மட்டும் தேய்த்தெடுக்கும் முறை இருக்கிறது, ப்ளீச்சிங் இருக்கிறது. வெண்திட்டுக்கு ரெசின் ஊடுருவச் செய்கிறார்கள். குழி விழுந்தால் பல் நிறத்திலேயே காம்போசிட் வைத்து அடைக்கலாம். இவை போதாதபோதுதான் வெனீர், அதற்கும் பிறகுதான் கேப். "குறைவாக ராவும் வழி எது?" என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

இன்னொன்று. பெரியவர்கள் பல்லைச் சரிசெய்துகொண்டு, குழந்தைக்கு அதே போர் தண்ணீரைக் கொடுத்தால் என்ன பயன்? லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது நம் நாட்டு அளவு. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, செறிவுதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. உங்கள் தெருக் குழாயில் அது வராவிட்டால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். குடிக்க மட்டுமல்ல, சோறாக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணின் பல்லில் இருப்பது அவள் குற்றமல்ல, நாம் அவளுக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்