தேனடையும் டிக்கின்சோனியாவும்

"விஞ்ஞானிகள் கொண்டாடிய புதைபடிவம் வெறும் தேனடையாம், புதைபடிவங்கள் எல்லாமே இப்படித்தான்" என்று கைப்பேசிக் குழுக்களில் பரப்பி மகிழ்வோரைக் காண்கிறோம். கேட்ட செய்தியைத் தீர விசாரித்தறியப் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம். பாதிச் செய்தியோடு நின்றுவிடுவது நமக்கு அழகா?

போபாலுக்கு அருகிலுள்ள பீம்பேட்கா குகைப் பாறையில் தென்பட்ட ஓர் உருவை, டிக்கின்சோனியா என்னும் தொல்கடல் உயிரியின் படிவம் என ரெட்டாலாக் என்னும் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2021இல் அறிவித்தது உண்மை. அது மெய்யாயின் அப்பாறையின் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். ஆனால் ஜோசப் மீர்ட் என்பாரின் குழுவினரது கணிப்போ ஏறத்தாழ 100 கோடி! ஆகவே அவர்கள் நேரில் சென்று பார்த்தார்கள். "படிவம்" பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அருகிலேயே தேன்கூடுகளின் எச்சங்களும் இருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறையில் பதிந்திருந்த ஒன்று சில ஆண்டுகளில் உரிந்து உதிருமா? தேனடைதான் என எழுதினார்கள். ரெட்டாலாக்கும் அதை ஒப்புக்கொண்டார்.

பொய்யைக் கண்டுபிடித்தவர் யார்? வதந்தி பரப்பியவரா? பாறையின் வயதை அளக்கத் தெரிந்த மற்றோர் ஆய்வாளரல்லவா! அவருடைய உழைப்பை எடுத்து அவருடைய துறையையே அடிப்பது என்ன நியாயம்?

இனி அந்த உயிரிக்கு வருவோம். 1946இல் தென் ஆஸ்திரேலியாவின் எடியகாரா குன்றுகளில் ரெக் ஸ்பிரிக் என்பவர் மெல்லுடல் உயிரிகளின் பதிவுகளைக் கண்டார். மறு ஆண்டு டிக்கின்சோனியாவுக்குப் பெயரிட்டார். எலும்பில்லை, ஓடில்லை. நீள்வட்ட உடலில் விலாக்கோடுகளைப் போன்ற வரிகள் மட்டுமே. சில மில்லிமீட்டர் முதல் ஒரு மீட்டருக்கும் மேலாக வளர்ந்திருக்கிறது. இது விலங்கா, பூஞ்சையா, பாசிக்காளானா என்று பல்லாண்டுகள் வாதிட்டார்கள். (பாசிக்காளான் என்று வாதிட்டவர்களுள் இதே ரெட்டாலாக்கும் ஒருவர்!) ரஷ்யாவின் வெண்கடற் கரையில் கிடைத்த, ஏறத்தாழ 55.8 கோடி ஆண்டுப் பழமையான படிவங்களில் ஒட்டியிருந்த கரிமப் படலத்தைப் பகுத்தபோது, விலங்குகளில் முதன்மையாகக் காணப்படும் கொலஸ்டிராலின் சிதைவுப் பொருள்கள் மிகுந்திருந்தன. 2018இல் அம்முடிவு வெளியாயிற்று. அதைத் தேனீக்கள் கட்டவில்லை.

பீம்பேட்காவைப் பரப்பியவர்கள் வெண்கடற் செய்தியையும் அதே குழுக்களில் பகிர்வார்களா?