வாலை மட்டும் பார்க்கும் இங்கிலீஷ்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பேரனோ பேத்தியோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆங்கில வாக்கியத்தை நாலு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். "ஹி லைக்ஸ் ஸ்விம்மிங், ரன்னிங் அண்ட் டு சைக்கிள்" என்கிற மாதிரி. முதல் இரண்டுக்கும் 'இங்' வால், மூன்றாவதுக்கு இல்லை. அதுதான் பிழை. பேரலல் ஸ்ட்ரக்சர் என்று இதற்குப் பெயர்.

விதியில் குற்றமில்லை. நம் தமிழிலும் உண்டு. "அண்ணனும் தம்பியும் தங்கை வந்தார்கள்" என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. எண்ணும்மை போட்டால் மூவருக்கும் போட வேண்டும். காது சொல்லிவிடும். என் சண்டை விதியோடு அல்ல, கேள்வியோடு.

கிளார்க் பதவிக்கான முதல்நிலைத் தேர்வில் 30 ஆங்கிலக் கேள்விகளுக்கு 20 நிமிடம். கேள்விக்கு 40 விநாடி. இதில் பிள்ளை எங்கே வாக்கியத்தைப் படிப்பான்? வாலைத்தான் பார்ப்பான்.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். ஒரு வாக்கியம் சொல்கிறேன்: "மேனேஜர் பெட்டகத்தைப் பூட்டினார், பணத்தை எண்ணினார், உள்ளே வைத்தார்." மூன்று வினையும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. தேர்வுக் கணக்கில் 'நோ எரர்'. பூட்டிய பெட்டகத்துக்குள் பணம் எப்படிப் போனது என்று கேட்பவனுக்கு மார்க் இல்லை. ஆனால் வங்கிக்கு வேண்டியவன் அவன்தானே?

இன்னொன்று. "ஸ்லோலி அண்ட் வித் கிரேட் கேர்" என்பது நல்ல ஆங்கிலம். இரண்டும் வேறு வேறு உருவம். ஆனால் செய்கிற வேலை ஒன்று, எப்படிச் செய்தார் என்று சொல்வது. வேலை ஒத்துப்போனால் போதும். இதையும் பிழை என்று அச்சடித்த கைடு ஒன்றைப் பார்த்தேன். வாலை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

இப்படிக் கேட்டுப் பழகியவர்களே கைவிட்டாயிற்று. டோஃபல் தேர்வு 2005-ல் இணையவழிக்கு மாறியபோது தனி இலக்கணப் பகுதியை விட்டுவிட்டு, வாய் திறந்து பேசச் சொன்னது. ஜிமேட் தேர்வு 2023-ல் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியையே எடுத்துவிட்டது. நாம் மட்டும் விடவில்லை.

"லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள், கம்ப்யூட்டர்தானே திருத்த முடியும்?" என்பார்கள். வடிகட்டும் முதல் சுற்றுக்கு அது சரி. அதைத் தாண்டி வருபவர்களையாவது, ஒரு வாடிக்கையாளருக்குப் பத்து வரியில் பதில் கடிதம் எழுதச் சொல்லலாமே! அதிகாரி தேர்வில் எழுதிக் காட்டும் பகுதி இருக்கிறது. கவுண்டரில் உட்காரப்போகும் கிளார்க்குக்கு ஏன் இல்லை?

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை சரியான விடையை டிக் அடித்ததும் கைதட்டாதீர்கள். "அந்த வாக்கியத்தை நீயே திருத்தி எழுது, அது என்ன சொல்கிறது என்று தமிழில் சொல்" என்று கேளுங்கள்.