எலிக்குப் பலித்தது... நமக்குப் பலிக்கவில்லை!

‘மாதவிலக்கு நிற்கிற வரைக்கும் பொம்பளைங்களுக்குப் பக்கவாதம் குறைச்சலாமே! அப்ப அந்த ஹார்மோனையே மாத்திரையா முழுங்கிட்டா மூளை தப்பிச்சுக்காதா?’

படித்து, வேலைக்கும் போகிற ஓர் அம்மணி கேட்ட கேள்வி இது. தப்பான கேள்வி என்று சிரித்து ஒதுக்கிவிட முடியாது. பெரிய பெரிய விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் இப்படித்தான் நம்பினார்கள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால், அடைபட்ட இடத்தின் நடுப்பகுதி சில நிமிடங்களிலேயே செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதியோ சில மணி நேரம் அரை உயிராகத் தவிக்கும். அதைக் காப்பாற்ற ஹார்மோன் உதவும் என்பதுதான் ஆசை. 1990-களில், சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தார்கள். மூளைச் சேதம் நன்றாகவே குறைந்தது. கேட்கவா வேண்டும், எங்கும் உற்சாகம்!

அப்புறம் மனிதர்களிடம் வந்தார்கள். அமெரிக்காவில் பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட, மாதவிலக்கு நின்ற 664 பெண்களைச் சோதித்த முடிவு 2001-ல் வந்தது. ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டும் பக்கவாதம் குறையவில்லை. உயிரைப் பறித்த பக்கவாதம் அவர்களிடம்தான் அதிகம்! 2002-லும் 2004-லும், ஆரோக்கியமான பெண்களிடம் நடந்த இன்னும் பெரிய ஆய்வுகளில், ஹார்மோன் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் கூடியதே தெரிந்தது. காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். மூளையைக் காக்கப் போன மருந்து, குழாய் அடைபடவும் வழி செய்துவிடுகிறது.

சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடுகிற எரித்ரோபாய்ட்டின் ஊசியும் ஒரு ஹார்மோன்தான். ஜெர்மனியில் 522 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து, 2009-ல் முடிவைச் சொன்னார்கள். ஊசி போட்டவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் இறந்தார்கள். போடாதவர்களில் ஒன்பது பேர். தலைக்காயத்துக்கு புரோஜெஸ்டிரோன் கொடுத்த சோதனையும் பலனில்லை என்று பாதியிலேயே நின்றது.

ஏன் இப்படி? என் அபிப்பிராயம் இதுதான். ஆய்வுக்கூடத்து எலி பெரும்பாலும் இளசு. அதற்குச் சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை. அடைப்பு எந்த நிமிடம் வரும் என்பதுகூட முன்னாடியே தெரியும். நம் வீட்டுப் பெரியவரோ ராத்திரி கை மரத்துப் போனால், ‘வாயுப் பிடிப்பா இருக்கும், விடியட்டும் பார்க்கலாம்’ என்று படுத்துவிடுகிறார். தைலம் தேய்த்து, புறா ரத்தம் தடவி, ஆஸ்பத்திரிக்கு வரும்போது மறுநாள் மத்தியானம்! எந்த ஹார்மோன் வந்து என்ன செய்யும்?

அடைப்பு வந்தபின் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பெரும்பாலும் பலன். ஆகவே, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாயில் காபி, தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். ராத்திரியிலும் ஸ்கேன் எடுக்கிற ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

மாதவிலக்கு நின்றபின் வரும் உடம்புச் சூட்டுக்காக டாக்டர் ஹார்மோன் எழுதித் தந்திருந்தால், பயந்து நீங்களாக நிறுத்த வேண்டாம், அவரையே கேளுங்கள். ஆனால் பக்கவாதம் வராமலிருக்க என்று யாராவது சிபாரிசு செய்தால், ‘வேண்டாங்க’ என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காசில் வீட்டில் எல்லோருக்கும் பி.பி. பார்த்துக்கொள்ளலாமே!