வேங்கடமும் மகள் பங்கும்

நம் சங்கங்களின் ஆண்டு விழா மேடைகளில் ஒரு சொற்பொழிவு தவறுவதே இல்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைக் கூறியதில் அது தொடங்கும். 1911இல் வடஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது, 1953இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்தோடு சென்றது, ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடியது, 1957இல் படாஸ்கர் தந்த தீர்ப்பு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது எனப் படிப்படியாக ஏறும். சித்தூரும் புத்தூரும் திருப்பதியும் சேராமற்போனதில் வந்து முடியும். பேசுபவர் குரல் தழுதழுக்கும். கேட்கும் நாமும் கண்கலங்குவோம். பாட்டன் நிலம் பறிபோன கதையல்லவா!

அதே பந்தலில் ஒருபுறம் நம் வீட்டுப் பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். பாட்டன் நிலம் பறிபோன கதை அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்களிடமிருந்து நிலத்தை எந்த எல்லை ஆணையமும் பறிக்கவில்லை. அண்ணன் வந்தான், பத்திர எழுத்தர் வந்தார், கைரேகைக்கு மை வந்தது. அந்த இழப்பைப் பற்றி எந்த விழாவிலும் நாம் பேசியதில்லை. எந்த மலரிலும் எழுதியதில்லை. எழுதாததற்குக் காரணம், பறித்தவர்கள் நாமே என்பதுதான்.

இக்கூற்றுக் கடுமையானது என்பார்க்குச் சற்றுக் கணக்குக் காட்டுவோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் பங்கு தந்ததென்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. எவ்வளவு தந்தது? பரம்பரைச் சொத்து 12 ஏக்கர். தந்தை, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். மகன்கள் பிறப்பாலேயே பங்காளிகள். ஆகவே தந்தை இறந்ததும் முதலில் தந்தைக்கும் மகன்களுக்கும் நந்நான்கு ஏக்கர் என்று கணக்கிட்டுப் பிரிப்பர். பிறகு தந்தையின் நான்கு ஏக்கரை மட்டும் தாய், இரு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் ஒவ்வோர் ஏக்கராகப் பங்கிடுவர். முடிவில் மகனுக்கு 5 ஏக்கர். மகளுக்கு 1 ஏக்கர். இதற்குத்தான் சம உரிமை என்று பெயர் சூட்டியிருந்தோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கொத்த சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்திருந்தது. இந்துச் சட்டத் தொகுப்பு நிறைவேறாது நின்றது 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு ஒரு முதற்காரணம். அத்தனைக்கும் பிறகு வந்தது ஐந்துக்கு ஒன்று.

இந்த அநீதியை முதலில் கணிசமாகத் திருத்திய மாநிலங்களுள் ஒன்று, நாம் இழப்பாகவே எண்ணி வருந்தும் இந்த ஆந்திர மாநிலம். கேரளம் 1975இல் கூட்டுக் குடும்பச் சொத்துமுறையையே நீக்கியிருந்தது. ஆந்திரம் வேறு வழி சென்றது. என்.டி. ராமராவ் ஆட்சியில், 1985 செப்டம்பர் 5 முதல் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டம் மகளையும் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது. அதன்படி மேற்சொன்ன 12 ஏக்கரில் மகனுக்கும் மகளுக்கும் தலைக்கு மூன்றே முக்கால் ஏக்கர். (தாயின் பங்கு ஓர் ஏக்கரிலிருந்து முக்கால் ஏக்கராகக் குறைந்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மகளுக்குக் கொடுத்ததில் கால் ஏக்கர் தாயின் மடியிலிருந்து எடுத்ததுதான்.) தமிழ்நாடு இத்தகைய சட்டத்தை 1989 மார்ச் 25 முதல் கொண்டுவந்தது. இடைப்பட்டது மூன்றரை ஆண்டு. இரு சட்டங்களும் நடப்புக்கு வந்த நாளுக்கு முன்பே மணமான மகளை விலக்கி நிறுத்தின.

இதன் பொருள் என்ன? ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். பெரியப்பன் மகள் திருத்தணியில், சிற்றப்பன் மகள் புத்தூரில். இருவர் வீட்டுச் சொத்தும் அவரவர் ஊரிலேயே பிரிக்கப்படாமல் கிடக்கிறது. 1987இல் ஒரே முகூர்த்தத்தில் இருவருக்கும் திருமணம். புத்தூர்ப் பெண் தந்தை நிலத்தில் பங்காளி. திருத்தணிப் பெண் பங்காளி அல்லள். 2005 செப்டம்பர் 9இல் நாடு முழுமைக்குமான திருத்தம் வரும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாகப்பிரிவினை பதிவாகிவிட்டால் அதுவும் இல்லை. எந்தத் திருத்தணியை மீட்டோமென்று நாம் மார்தட்டுகிறோமோ அந்தத் திருத்தணியின் மகள் இழந்தாள். எந்தப் புத்தூரை இழந்தோமென்று அழுகிறோமோ அந்தப் புத்தூரின் மகள் பெற்றாள். எல்லைக் கோடு யாருக்கு இழப்பு, யாருக்கு ஆதாயம் என்ற கேள்வியை ஆண்களை மட்டும் கேட்டு முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

பெற்றாள் என்றோம். ஏட்டில் பெற்றாள். ஏட்டிலிருந்து நிலத்துக்கு வரும் வழியில்தான் நாம் நிற்கிறோம்.

தந்தையின் காரியம் முடிந்து பதினாறாம் நாள் கழியும். சகோதரி ஊருக்குப் புறப்படுமுன், "ஒரு கையெழுத்து இருக்கிறது, போட்டுவிட்டுப் போ" என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத் தாழ்வாரத்தில் விடுதலைப் பத்திரம் ஆயத்தமாய் இருக்கும். பிதிரார்ச்சித சொத்தில் தனக்குள்ள பாத்தியத்தைச் சகோதரர்மீதுள்ள அன்பின் பொருட்டு விட்டுக்கொடுத்ததாக வாசகம். ஒரு புடவை, ஒரு தட்டில் பழம், வெற்றிலை பாக்கு. மறுத்தவளை நாம் அறிவோம். நம் தெருக்களில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். "கூடப் பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள்" என்பது அவளுக்கு நாம் சூட்டிய பட்டம். அண்ணனும் தம்பியும் ஒரு மாந்தோப்பு வரப்புக்காகச் சித்தூர் நீதிமன்றத்தில் இருபது ஆண்டு நடப்பார்கள்; நடந்துகொண்டே ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் மொய் எழுதுவார்கள். அவர்களுக்குப் பட்டம் ஒன்றும் கிடையாது.

சீர் செய்தோமே, நகை போட்டோமே, அது பங்கில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அது பங்கென்றால் பத்திரம் எதற்கு? 1961ஆம் ஆண்டின் சட்டப்படி வரதட்சணை குற்றம். குற்றமாகக் கொடுத்ததை உரிமைக்கு ஈடாகக் கழித்துக்கொள்வது எந்த நாட்டுக் கணக்கு? மேலும் மகனைப் பொறியியல் படிக்க வைத்த செலவையும், அவனுக்குக் கடை வைத்துக் கொடுத்த முதலையும் எந்தத் தந்தையாவது அவன் பங்கிலிருந்து கழித்ததுண்டா? நகை புகுந்த வீட்டின் முதல் நெருக்கடியிலேயே அடகுக்கடை ஏறிவிடும். நிலம் நின்ற இடத்தில் நிற்கும். வேறுபாடு தெரிந்துதான் நாம் நகையைக் கொடுத்து நிலத்தை வைத்துக்கொள்கிறோம். இதில் நம் தெலுங்கு அண்டை வீட்டார் ஒருபடி மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பசுபு குங்குமம் என்று சொல்லி மகளுக்கு ஒரு துண்டு நிலமே கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு.

கடன்பட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தோம் என்று அழுவோர் ஒருகணம் மலையை அண்ணாந்து பார்க்கட்டும். நாராயணவனத்து ஆகாசராசன் மகள் பத்மாவதியை மணப்பதற்காகக் குபேரனிடம் கடன்பட்டவர் மாப்பிள்ளை. உண்டியலில் விழும் காசு அக்கடனின் வட்டிக்கே என்பது மலையேறும் மக்களின் நம்பிக்கை. அந்த மலையடிவாரத்தில் வாழும் நாம் அக்கதையைத் தலைகீழாக்கிவிட்டு, மொட்டை மட்டும் முறையாக அடித்துக்கொள்கிறோம்.

நிலம் அயலார் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. இது வடநாட்டில் பொருந்தலாம். அங்குப் பல இடங்களில் சொந்த ஊரிலும் நெருங்கிய உறவிலும் பெண் கொடுப்பதில்லை. நிலமும் பெண்ணும் பற்றி 1994இல் விரிவான நூல் எழுதிய பொருளியலறிஞர் பீனா அகர்வால் இதைச் சுட்டுகிறார். மகள் தொலைவூருக்கு, உறவல்லாத வீட்டுக்குப் போகும் இடங்களில் அவளுக்கு நிலம் தர எதிர்ப்பு மிகுதி. உறவிலும் உள்ளூரிலும் மணம் நிகழும் தெற்கில் அது குறையவேண்டும். நாமோ மாமன் மகளையும் அத்தை மகனையும் தேடுபவர்கள்; அக்காள் மகளை உரிமைப் பெண் என்பவர்கள். உரிமைப் பெண் என்ற சொல்லையே பாருங்கள்! அவள்மேல் நமக்குள்ள உரிமைக்குப் பெயர் வைத்தோம். அவளுக்குள்ள உரிமைக்கு வைக்கவில்லை. நிலம் துண்டு துண்டாகும் என்பதும் அப்படியே. நான்கு மகன்கள் உள்ள வீட்டில் அந்தக் கவலை யாருக்கும் வருவதில்லை.

முதுமையில் காப்பவன் மகனல்லவா என்று கேட்பவர்களுக்கு, படுக்கையில் விழுந்த தாயைக் குளிப்பாட்டுவது யார் என்பதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்வதே போதும். சட்டமும் இதில் மகளை விட்டுவிடவில்லை. மணமான மகளும் பெற்றோரைப் பேணக் கடமைப்பட்டவள் என்று 1987இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. கடமையில் அவளைச் சமமாக்குவதற்கு யாரும் ஊர்வலம் போக வேண்டியிருக்கவில்லை.

நிலம் பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று போதும். பிரதீப் பண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை சொல்வது இது: நிலமும் வீடும் இல்லாத மனைவியரில் நூற்றுக்கு 49 பேர் கணவனின் அடியை நீண்டகாலம் பட்டிருக்கிறார்கள், இரண்டும் உடையவர்களில் 7 பேர். படிப்பும் வேலையும் இதைச் செய்யும் என்று நாம் நம்பினோம். திருப்பதியிலேயே 1983இல் மகளிர்க்கென்று பத்மாவதி பல்கலைக்கழகம் எழுந்தது. நம் பெண்களும் பட்டம் பெற்றார்கள். பெற்ற பட்டத்தின் பயன், ரேகை வைத்த இடத்தில் இப்போது அழகான கையெழுத்து விழுகிறது.

வயலிலும் தோப்பிலும் உழைப்பவள் யாரென்று சொல்லத் தேவையில்லை. பால் கறப்பவள், கரும்புக்குக் களை எடுப்பவள், மாம்பழக்கூழ் ஆலைகளில் பருவத்துக்குப் பருவம் நின்று பழம் நறுக்குபவள் எல்லாம் அவளே. ஆனால் 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் நிலத்தை நடத்துவோராகப் பதிவானவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர்தான். பட்டாப் புத்தகத்தில் பெயர் இல்லாதவளுக்கு வங்கியின் பயிர்க்கடன் எளிதில் இல்லை. இழப்பீட்டுப் பட்டியலில் இடம் இல்லை. மகளிர் குழுவில் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணையாகி வாரந்தோறும் தவணை கட்டும் கடன் அவளுக்கு. நிலத்தை ஈடுவைத்துப் பெறும் கடன் அவனுக்கு.

இது தமிழ் மரபு, மாற்றலாகாது என்பார் இன்னும் சிலர். எந்தத் தமிழ் மரபு? யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் 1707இல் தொகுத்த தேசவழமை, மகளுக்கு நிலத்தையே சீதனமாகக் கொடுக்கும் வழக்கைச் சட்டமாகக் கொண்டது. அங்கும் கணவன் சம்மதமின்றி அவள் அதை விற்க முடியாது என்ற தளை உண்டு. ஆயினும் அவளும் தமிழச்சிதான். அவ்வளவு தொலைவு போவானேன்? திருமலைக் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளை, இம்மண் நம்முடையது என்பதற்குச் சான்றாக நம் சொற்பொழிவாளர்கள் அடுக்குகிறார்கள். அவற்றுள் தேவஸ்தானத்தார் 966ஆம் ஆண்டினது என்று கூறும் ஒன்று உண்டு. காடவன் பெருந்தேவி என்ற மறுபெயருடைய சாமவை என்னும் பெருமாட்டி, போக சீனிவாசர் எனப்படும் வெள்ளித் திருமேனியை அளித்து, பூசைக்கும் விழாவுக்கும் நிலமும் கொடுத்ததை அது சொல்கிறது. அவள் பல்லவர் குலத்தவள்; உழவன் மகளுக்கும் அவ்வுரிமை இருந்ததென்று அக்கல்வெட்டைக்கொண்டு நாம் சாதிக்க முடியாது. ஆனாலும் ஒன்று கேட்கிறோம். எழுத்து தமிழ் என்பதைக் கண்ட நம் கண்ணுக்கு, கொடுத்தவள் பெண் என்பதும் கொடுத்தது நிலம் என்பதும் ஏன் படவில்லை?

2020 ஆகஸ்டு 11இல் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று ஐயத்துக்கிடமின்றித் தீர்த்துவிட்டது. இனிச் சட்டத்தைக் குறை சொல்ல வழியில்லை. தன் பங்கையும் தானே சம்பாதித்ததையும் மகனுக்கே உயில் எழுதும் தந்தையைத்தான், பத்திரத்தை நீட்டும் அண்ணனைத்தான், நாம் நேராகப் பார்க்க வேண்டும். சங்கம் இதில் தலையிடலாமா, இது குடும்ப விவகாரமாயிற்றே என்பார்கள். தமிழ்ப் பள்ளியை மூடாதே என்று ஆட்சியருக்கு மனுக் கொடுக்கிறோம். கடைப் பலகையில் தமிழ் வேண்டும் என்கிறோம். இந்த மாவட்டங்களில் விடுதலைப் பத்திரம் பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்படுகிறது. வேலூரிலும் ஆரணியிலும் தமிழ் படித்துவிட்டு இங்கு வாழ்க்கைப்பட்டு வந்து இங்கேயே மகளும் பெற்றவள், தன் மகளோடு அமர்ந்து, தான் படிக்கத் தெரியாத தாளில் மகள் பங்கு எழுதிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தமிழுக்கென்று ஒரு சங்கம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நேரான வேலை எது? வரும் பொதுக்குழுவில் நாம் கொண்டுவரும் தீர்மானம் இவ்வளவே: நம் உறுப்பினர் வீட்டு மகள் எவளும் கையெழுத்திடுமுன், அப்பத்திரத்தை நம் வழக்கறிஞர் உறுப்பினர் ஒருவர் அவளுக்குத் தமிழில் முழுமையாகப் படித்துக்காட்ட வேண்டும்; எத்தனை ஏக்கர், இன்றைய விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும்; படிக்கும்போது அண்ணன்மார் வெளியே நிற்க வேண்டும்.