புத்தகத்துக்கும் அளவு உண்டு

ஒருத்தருக்குத் தைத்த ஜாக்கெட் இன்னொருத்தருக்குச் சேராது. ஆனால் புடவை அப்படியில்லை. ஒல்லியானவரும் கட்டலாம், பருமனானவரும் கட்டலாம். உடம்புக்குத் தகுந்தாற்போல் கொசுவத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறோம். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கிற புத்தகங்களிலும் இப்படி இரண்டு ரகம் உண்டு, தெரியுமோ சகோதரிகளே?

'பி.டி.எஃப்.' என்கிறார்களே, அது ஜாக்கெட் ரகம். பக்கத்தை எந்த அளவில் அமைத்தார்களோ அப்படியே நிற்கும். பெரிய காகித அளவில் அமைத்ததைச் செல்போனில் திறந்தால் எழுத்து கடுகு மாதிரி இருக்கும். விரலால் பெரிதாக்கினாலோ வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். 'ஈ-பப்' என்பது புடவை ரகம். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அடங்கிக்கொள்ளும்.

இதிலென்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். என் மாமியாரைக் கேட்டால் சொல்லுவார். 76 வயது. 'பொன்னியின் செல்வன்' பத்திரிகையில் மறுபடியும் தொடராக வந்தபோது, வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தவர். இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆன பிறகும் விழித்திரையில் வயதுக் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா. இனிமே எனக்குப் புஸ்தகம் எதுக்கு?" என்று பைண்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்கப்புறம் பேச்சே குறைந்துபோயிற்று. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

என் மகள் அதே கதையை ஈ-பப்பாக இறக்கி, டேப்லெட்டில் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தாள். ஒரு திரைக்குப் பத்து வரிதான் வரும். ஆனால் அந்தப் பத்து வரியும் அவருக்குத் தெரிகிறது! இப்போது காப்பி ஆறிப்போகிறதென்று கூப்பிட்டால், "இரும்மா, வந்தியத்தேவன் கோட்டைக்குள்ளே மாட்டிக்கிட்டான்" என்று பதில் வருகிறது.

சரி, இந்தப் புடவையை நெய்தது யார்? சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான்.

1971 ஜூலை 4-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட், அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார். அதுதான் 'குட்டன்பர்க் திட்டம்'. இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இலவசம். 2000-ல் அதற்குத் துணையாக ஒரு தொண்டர் படை உருவாயிற்று. முழுப் புத்தகத்தையும் ஒருவர் தலையில் கட்டாமல், ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிழை திருத்துகிற ஏற்பாடு. நம் தமிழில் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. 2013-லிருந்து இன்னொரு தொண்டர் குழு தமிழ் நூல்களை ஈ-பப், கிண்டிலுக்கான கோப்பு, அச்செடுக்க ஏ4, சின்னக் கருவிகளுக்கு 6 அங்குல பி.டி.எஃப். என்று ஒரே புத்தகத்தைப் பல அளவில் அமைத்துத் தந்து வருகிறது.

வேலை லேசுப்பட்டதல்ல. பழைய புத்தகத்தைப் படம் எடுத்துவிட்டால் மட்டும் போதாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது கம்ப்யூட்டர் 'ர'வையும் துணைக்காலையும் குழப்பிவிடும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் 'லை', 'னை' எல்லாம் துதிக்கை வைத்தல்லவா இருக்கும், அங்கேயும் தடுமாறும். அதையெல்லாம் மனிதக் கண்தான் பார்த்துத் திருத்த வேண்டும். அப்புறம் அத்தியாயத் தலைப்புகளை அடையாளப்படுத்த வேண்டும். பக்க எண்களை நீக்க வேண்டும். செய்யுள் வரிகள் உரைநடையோடு ஒட்டிக்கொள்ளாமல் காக்க வேண்டும். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் இந்த அடையாளங்களை வைத்துத்தான் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவுகிறது.

"காசு வராத வேலைக்கு இத்தனை பாடா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நாம் வீட்டில் செய்கிற வேலைக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? அரிசியில் கல் பொறுக்கினால் யாரும் பாராட்டமாட்டார்கள், பொறுக்காவிட்டால்தான் தெரியும். இதுவும் அதே ஜாதி வேலை. பழைய நூலில் கல் பொறுக்கியவர் யாரென்று என் மாமியாருக்குத் தெரியாது. ஆனால் பல்லில் கல் கடிபடாமல் படிக்கிறார்.

எல்லாப் புத்தகத்தையும் இப்படி எடுத்துவிட முடியாது. நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் தம் வாழ்நாளிலேயே வெளியிட்ட நூலுக்கு அவர் காலமான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. 'ஜகன்மோகினி' நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய வை.மு. கோதைநாயகி அம்மாள் 1960-ல் காலமானார். ஆகவே அவர் வெளியிட்ட நூல்கள் 2021 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. நம் பாட்டிமார் ஒளித்து வைத்துப் படித்த அந்தப் பழைய பிரதிகள் பொடிந்துகொண்டிருக்கின்றன. யாராவது உட்கார்ந்து திருத்தி அமைத்தால்தான் நம் பேத்திகள் கைக்கு வரும்.

தமிழில் பிழையில்லாமல் படிக்கத் தெரிந்தால் போதும், நீங்களும் இதில் சேரலாம். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் ஒரு பக்கம் பார்த்தாலே பெரிய உதவி. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையை விட்டு ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள், கண் களைக்காது.

வீட்டில் பெரியவர்கள் திடீரென்று படிப்பதை நிறுத்திவிட்டால், வயசாயிற்று என்று விட்டுவிடாதீர்கள். முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். எழுத்தைப் பெரிதாக்குவது வைத்தியமாகாது. அவர் பார்த்துச் சொன்ன பிறகு ஒரு ஈ-பப் புத்தகத்தை இறக்கி, அவர்கள் கண்ணுக்கு எந்த அளவு ஒத்து வருகிறதென்று பக்கத்தில் உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுங்கள். பத்தே நிமிஷ வேலை.